பிளேட்டில் நசுங்காத பூ

"ஆனி மாதம், புதன்கிழமை. வாசோ பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கிறது. மழை இல்லை. எக்ஸ்ரே டிரெய்லர் தன்லியினுக்குப் புறப்பட்டது, மதியம் கழித்து. எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியைப் பின்னால் எடுத்தவன் நான்."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தமிழ் மாதத்தையும் பர்மிய மாதத்தையும் சேர்த்தே எழுதி வைப்பது என் வழக்கம். பின்னால் யாராவது மறுத்தால் இரண்டு பஞ்சாங்கத்தையும் புரட்டிக்கொள்ளட்டும் என்றுதான். இப்போது மறுக்கிறார்கள்.

சென்ற மாதம் எங்கள் பழைய பட்டறையின் வைபர் செயலிக் குழுவில் கோ ஸோ ஒரு புகைப்படத்தைப் போட்டார். அவர் இன்று அங்கே சூப்பர்வைசர். வாழைக்கன்றும், பர்மியர் மங்கலத்துக்கு வைக்கும் தபியே இலையும் கட்டிய வண்டி, அதன் முன்னால் விருந்தினர், ஓரத்தில் முதுகு மட்டும் தெரியும்படி நான். அடியில் எழுதியிருந்தார்: "பெரியவரைச் சபையில் தலைகுனிய வைத்த நாள்." அதற்குக் கீழே பதினைந்து இருபது பேர் சிரித்திருந்தார்கள். ஒருவர், "அன்றைக்கு அப்படியே போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். இன்னொருவர், "இப்போதெல்லாம் டிரெய்லர் இணைந்ததும் வண்டிக்குள் பச்சை விளக்கு எரிகிறது, யாரும் மண்டியிட்டுப் பார்க்கத் தேவையில்லை. கோ மின் இருந்தால் விளக்கோடும் சண்டை போடுவார்" என்றார்.

கோ மின் நான்தான். 'கோ' என்பது இங்கே அண்ணன் என்பதுபோல. வீட்டில் மாணிக்கம், பட்டறையில் மின். யாங்கோனில் பிறந்த தமிழர் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. ஆம், விளக்கோடும் சண்டை போடுவேன். ஏன் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. மிங்கலா தாங்ஞுன்ட்டில் தண்டவாளத்தின் ஓரம் வளர்ந்தேன். துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு கிரீஸ் அடிக்கும் வேலையில் சேர்ந்து, பிரேக், அச்சு என்று மேலே வந்து, கடைசியில் டிரெய்லர் இணைப்பில் நின்றேன். அந்த வருடங்களில் கற்றதையெல்லாம் எழுதினால் கிரீஸ் நாற்றம்தான் வரும். தின்கன்ஜூனின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு வந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

பட்டறை ஹாஜியாருடையது. ராமநாதபுரம் கடற்கரை வம்சம், தேயிலை வியாபாரத்தில் தொடங்கி லாரிக்கு வந்தவர். வேலையின் தலைவர் ஊ சான் லின். 'ஊ' என்பது பர்மியரில் வயதில் மூத்தவருக்கான மரியாதை. நாங்கள் அவரைச் சயா என்போம். ஆசிரியருக்கும் கைத்தொழில் தலைவருக்கும் இங்கே ஒரே சொல்.

சயா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. 'கூடாது' என்ற சொல்லும் அவர் வாயில் வராது. நீ செய்தது தப்பாக இருந்தால், "இன்னொரு தடவை பார்க்கலாமே" என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் நீ காலையிலிருந்து முறுக்கிய போல்ட்டையெல்லாம் கழற்ற வேண்டும் என்று பொருள். வாயில் எப்போதும் குன்யா, அதாவது எங்கள் ஊர் வெற்றிலை. துப்புவதற்கென்று ஒரு பழைய ஆயில் டின்னைத் தானே எடுத்துக்கொண்டு நடப்பார், பட்டறைத் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்ததில்லை. லாரியையும் டிரெய்லரையும் இணைக்கும் நேரத்தில் ஒரு விரலைத் தூக்குவார். சுத்தியல், கிரைண்டர், வானொலி, தேநீர்க் கடைக்காரனின் கூச்சல் எல்லாம் நின்றுவிடும். லாரி பின்னால் வரும். டிரெய்லரின் மூக்கில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இரும்பாணியான 'பின்', லாரியின் முதுகில் உள்ள வட்டத் தட்டுக்குள் நுழையும். தட்டின் தாடை மூடும். அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு விரலை இறக்குவார். பட்டறை மறுபடி கத்தத் தொடங்கும்.

அந்தக் காதை யாரும் குறை சொல்ல முடியாது. ஒருமுறை தாடை மூடிய பிறகும் விரலை இறக்காமல் நின்றார். "இன்னொரு தடவை பார்க்கலாமே." பிரித்துப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங்கில் மயிரிழை விரிசல். அன்றிலிருந்து அவர் விரல் இறங்கினால் நாங்கள் குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டோம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் திறமையில்லாதவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

அந்தத் தட்டுக்கு 'ஃபிஃப்த் வீல்', ஐந்தாவது சக்கரம் என்று பெயர். பெயர்தான் சக்கரம், கிரீஸ் பூசிய இரும்புத் தட்டுதான் அது. நாங்கள் 'பிளேட்' என்போம். சாதாரண லாரியில் பிளேட் நேராகச் சட்டத்தின் மேல் உட்காரும். பள்ளத்தில் லாரி குதித்தால் டிரெய்லரும் சேர்ந்து குதிக்கும். அரிசி மூட்டைக்கு அது போதும்.

ஹாஜியார் ஒரு தர்மம் செய்ய நினைத்தார். தன்லியின் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் ஆற்றோரக் கிராமங்களிலும் நெஞ்சுச் சளி அதிகம். அங்கிருந்து ஒரு எக்ஸ்ரே எடுக்கப் பாலம் தாண்டி நகரத்துக்கு வர வேண்டும், அன்றைய கூலி போய்விடும். அதனால் எக்ஸ்ரே மெஷினையே ஒரு டிரெய்லரில் வைத்து அங்கே அனுப்புவது என்று முடிவானது. மெஷினைக் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அது குலுங்கக் கூடாது. ஹாஜியார் எங்கிருந்தோ ஒரு ஏர் பிளேட்டை வாங்கிவந்தார். பழையது, கூட ஒரு காகிதமும் இல்லை. பிளேட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு ரப்பர்க் காற்றுப் பைகள். டிரெய்லரின் பாரம் அந்தக் காற்றின் மேல் உட்காரும்.

அதை ஒரு ஆறு சக்கர லாரியின் முதுகில் பொருத்தியவர்கள் சயாவும் நானும். பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் பாரம் முழுக்கப் பின்னால் போகும், அச்சுக்குப் பின்னால் தள்ளினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. ஒரு சாண் முன்னால் வைத்தோம். போல்ட்டை முறுக்கினோம். தண்ணீர் பீப்பாய்களை ஏற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கினோம். பாரம் உட்கார்ந்த பிறகு எந்த போல்ட்டும் கொஞ்சம் இளகும்.

காற்று எவ்வளவு அடைப்பது என்பதில்தான் எங்களுக்கு முட்டை செலவானது. மெஷின் நிற்க வேண்டிய இடத்தில் சயா இரண்டு தட்டு முட்டை வைத்தார். லாரி ரயில்வே கேட்டைத் தாண்டித் திரும்பி வந்தது. பாதி முட்டை உடைந்திருந்தது. காற்று அதிகமானதால் பை கல்லாகிவிட்டது, பிளேட் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் குறைத்தோம். பை அமுங்கி அடியில் இடித்தது, அன்றும் முட்டை போயிற்று. பட்டறையில் தொடர்ந்து முட்டைக் கறி. டிரைவர் செல்வம் சொன்னான்: "அண்ணே, இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா நாங்களே கொக்கரிக்க ஆரம்பிச்சிருவோம். சயாகிட்ட ஆப்பிள் வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

கடைசியில் ஒரு முட்டையும் உடையாத உயரத்தைக் கண்டுபிடித்தோம். அந்த உயரத்துக்கு நேராகப் பிளேட்டின் பக்கத்துத் தண்டில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார் சயா. கேஜ் முள்ளைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது, பாரம் நாளுக்கு நாள் மாறும். பாரம் ஏறிய பிறகு பிளேட் சிவப்புக் கோட்டுக்கு வரும்வரை அடிக்க வேண்டும்.

முறை இதுதான். டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வை. பைகளில் உள்ள காற்றை முழுக்க விடு, பிளேட் தன் அடி உயரத்துக்கு இறங்கட்டும். நிறுத்தும்போது டிரெய்லரின் முன்பாதியைத் தாங்கும் இரும்பு முன்னங்கால்களைச் சுழற்றி, அதன் மூக்கு பிளேட்டைவிட விரற்கடை தாழ்வாக இருக்கும்படி செய். லாரி பின்னால் வரும்போது பிளேட் மூக்கைத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும், இரும்போடு இரும்பு உரச வேண்டும். தாடை பின்னின் கழுத்தைப் பிடிக்கும். டார்ச் அடித்துப் பார். இரண்டு தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு லாரியை முன்னால் லேசாக இழு. வருகிறதா? முன்னங்காலைத் தூக்கு, காற்றை அடை, சிவப்புக் கோடு, சங்கிலி, வயர்.

மூக்கு உயரமாக இருந்துவிட்டால் நடப்பது வேறு. பின் மேலேயே நிற்கும். தாடை கழுத்தைப் பிடிக்காமல் பின்னின் அடி விளிம்பை மட்டும் பல்லால் கவ்வுவது போலக் கவ்வி மூடிக்கொள்ளும். சத்தம் வரும். தாடையைப் பூட்டும் கைப்பிடி உள்ளே போகும். முன்னங்காலைத் தூக்கினாலும் மூக்கு இறங்காமல் அந்தக் கவ்வலிலேயே நிற்கும். முன்னால் இழுத்தாலும் டிரெய்லர் கூடவே வரும். ஒரு பள்ளத்தில் மூக்கு கொஞ்சம் எழும்பினால் பின் வெளியே வந்துவிடும்.

இனி அந்தப் புதன்கிழமை.

பர்மியக் கணக்கில் புதன்கிழமை இரண்டு கிழமை. மதியம் வரை புதன், மதியத்துக்கு மேல் ராகு. நம் பஞ்சாங்கத்திலும் புதனன்று ராகு காலம் பன்னிரண்டுக்குத்தான் பிறக்கிறது. பன்னிரண்டுக்குள் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும் என்பதில் பட்டறை முழுக்க ஒரே கட்சி. காலையில் பிக்குகள் வந்து பரித்தம் ஓதினார்கள். ஹாஜியார் துஆ கேட்டார். பிறகு செல்வத்தின் முறை. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் முதல் பயணம் போகமாட்டேன் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். ஹாஜியாரும், "ஓட்டுறவன் மனசு நெறையணும்பா, செய்யட்டும்" என்று விட்டுவிட்டார்.

காலையில் சயாவும் நானும் முறைப்படி இணைத்து, டார்ச் அடித்துப் பார்த்து வைத்திருந்தோம். ஆனால் லாரிக்குத் தனியாகப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று அதைக் கழற்றி முன்னால் எடுத்தார்கள். கழற்றும் முன் சயா முறைப்படி காற்றை விட்டார், அதில் குறையில்லை. லாரி பூஜையில் நின்ற நேரத்தில் விருந்தினர் மெஷினைப் பார்க்க டிரெய்லருக்குள் ஏறினார்கள். ஏறும்போது அது ஆடியது. ஆடாமல் இருக்க யாரோ முன்னங்கால்களை இன்னும் நாலைந்து சுற்று இறக்கி இறுக்கினார்கள். மூக்கு மேலே போய்விட்டது. யார் சுற்றியது என்று பிறகு கேட்டபோது ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள்.

செல்வம் லாரியின் நெற்றிக்குப் பூ வைத்தான், ஸ்டியரிங்குக்கு வைத்தான். மீதியிருந்த ஒரு முழம் மல்லிகையை எடுத்துவந்து, "பிளேட்டும் பாவம், அதுவுந்தான பாரம் சொமக்குது" என்று கிரீஸின் மேலேயே நீளமாக வைத்தான். மல்லிகைக்கு கிரீஸ் வாசனை தெரியாது என்று யாரோ கேலி செய்தார்கள்.

மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. சயா விரலைத் தூக்கினார். விருந்தினர்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். லாரி பின்னால் வந்தது. தாடை மூடியது. அருமையான சத்தம், நானும் கேட்டேன். விரல் இறங்கியது. கைப்பிடி உள்ளே போயிருந்தது. முன்னங்காலைத் தூக்கினார்கள், காற்றை அடைத்தார்கள், சிவப்புக் கோடு சரியாக நின்றது. உடனே இரண்டு பக்கமும் வாழைக்கன்றும் தபியே கொத்தும் கட்டிவிட்டார்கள். பிளேட் மறைந்துவிட்டது. நான் டார்ச்சோடு போனபோது இலைதான் தெரிந்தது. சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தாயிற்று. கைதட்டலோடு லாரி நகர்ந்தது, நாலு பழமும் நசுங்கின. ஓரடி முன்னால் வந்து, அந்தப் பழங்களின் மேலேயே கடைசிப் படம் எடுக்க நின்றது.

நான் சக்கரக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன். காற்றில் வாழையிலை விலகியது. உள்ளே, இரண்டு தட்டுக்கும் நடுவில், அந்த மல்லிகைச் சரம் ஆடிக்கொண்டிருந்தது.

இரும்போடு இரும்பு உட்கார்ந்திருந்தால் அந்தப் பூ சட்னியாகியிருக்க வேண்டும். சத்தம், கைப்பிடி, சிவப்புக் கோடு, இழுத்தபோது வந்த டிரெய்லர் என்று நாலு சாட்சியும் சரி என்றன. பூ மட்டும் இல்லை என்றது.

முதலில் சயாவின் காதருகே போய்த்தான் சொன்னேன். இதைக் குழுவில் உள்ளவர்கள் யாரும் எழுதவில்லை.

"சயா, பூ நசுங்கவில்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. விருந்தினரைப் பார்த்துச் சிரித்தபடியே, "சத்தம் கேட்டது, கோ மின்" என்றார்.

"கேட்டது சயா. பூ ஆடுகிறது."

"யா பா டே" என்றார். பரவாயில்லை என்று பொருள். அவர் குனிந்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் தன் விரலைத் தானே சந்தேகப்படுவதாக ஆகும். பர்மியரிடம் 'ஆனாடே' என்று ஒரு தயக்கம் உண்டு, பிறரைச் சங்கடத்தில் விடக்கூடாது என்பது. நானும் இந்த ஊரில் பிறந்தவன், அது என் எலும்பிலும் இருக்கிறது. என் வேலை, அவர் மேல் எனக்கிருந்த மதிப்பு, சபை எல்லாம் ஒரு பக்கம். கேட் வாசலில் சாக்கடையின் மேல் போட்டிருந்த சிமென்ட் பலகையின் மேடு இன்னொரு பக்கம். அந்த மேட்டின் இரண்டு ஓரத்திலும் வேடிக்கை பார்க்க ஜனம் நின்றது.

கையில் இருந்த கட்டைகளை லாரியின் முன் சக்கரத்துக்கு முன்னால் போட்டேன்.

"மாணிக்கம், என்னா இது?" என்றார் ஹாஜியார். "பெரிய மனுசங்க நிக்கிறாங்க."

"இணைப்பு சரியில்லை ஹாஜியார். கழற்றி மறுபடி மாட்டணும்."

"சயா மாட்டினதுப்பா."

"ஆமாங்க."

அவர் நிதானமானவர். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார்: "கேட்டத் தாண்டட்டும். முக்குல ஓரமா நிறுத்திப் பாத்துக்குவோம். யாருக்கும் தெரியாது."

"கேட்டுலதாங்க மேடு இருக்கு."

அதற்குள் செல்வம் ஜன்னலில் தலையை நீட்டினான். "அண்ணே, பழம் நசுக்குன வண்டியப் பின்னால எடுக்கச் சொல்றியளா? எங்கயாச்சும் கேட்டிருக்கியளா?"

"முதல்ல முன்னாலதான் எடுக்கப்போற. கழட்டிட்டு."

"அப்பறம்?"

"அப்பறம் பின்னால."

"நான் மாட்டேன். முன்ன வச்ச சக்கரத்தப் பின்ன வச்சா வந்ததெல்லாம் திரும்பிப் போயிரும். நாளைக்கு இந்த வண்டியில உக்காரப்போறவன் நான், நீங்க இல்ல."

"அதுக்குத்தாண்டா சொல்றேன்."

அவன் இறங்கினான். சாவியை என் கையில் தரவில்லை, பானெட்டின் மேல் வைத்துவிட்டு கேட்டருகே போய் முதுகைக் காட்டி நின்றான்.

நான் சயாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி இடுப்பு லோன்ஜிக் கைலியின் ஓரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார். 'செய்' என்று சொல்லவில்லை. 'இன்னொரு தடவை பார்க்கலாமே' என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன் என்பதை இன்றுவரை மறக்கவில்லை.

கட்டைகளை எடுத்து டிரெய்லருக்கு வைத்தேன். முன்னங்காலை இறக்கினேன். காற்றை விட்டேன். கைப்பிடியை இழுத்து, லாரியை நானே முன்னால் எடுத்தேன். வாழைக்கன்று ஒன்று முறிந்து விழுந்தது. ஒரு அம்மா 'ஐயோ' என்றார். பிளேட் வெளியே வந்தது. அதன் மேல் மல்லிகைச் சரம், கிரீஸ் ஒட்டி, மற்றபடி வைத்தது வைத்தபடி. தாடையின் வாயில் பின்னின் விளிம்பைக் கவ்விய பளபளப்பான வெட்டு, நகக்கண் அகலம். பார்க்க விரும்பியவர்கள் பார்த்தார்கள். அதிகம் பேர் விரும்பவில்லை.

சரத்தை எடுத்து நேராக்கி மறுபடி பிளேட்டின் மேலேயே வைத்தேன். டிரெய்லரின் மூக்கை அதன் உயரத்துக்கு இறக்கினேன். பிறகு ஏறி உட்கார்ந்து, நசுங்கிக் கிடந்த நாலு பழத்தின் மேலும் ஏற்றி, லாரியைப் பின்னால் விட்டேன். எங்கோ பகோடாவில் மணி அடித்தது. ராகு பிறந்துவிட்டது என்று யாரோ உரக்கச் சொன்னார்கள், எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

தாடை மூடியது. இறங்கி வாழையிலையை ஒதுக்கி டார்ச் அடித்தேன். வெளிச்சம் அந்தப் பக்கம் போகவில்லை. பூ ஒரு பச்சைக் கறையாக ஓரத்தில் பிதுங்கியிருந்தது.

செல்வம் ஏற மறுத்ததால் வேறொரு டிரைவர் ஓட்டினார். வண்டி பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி தன்லியின் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே படம் எடுக்கத் தொடங்கினார்கள் என்று ஃபோன் வந்தது.

அடுத்த வாரம் என்னை டயர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஹாஜியார் மாற்றினாரா சயாவா என்று நான் கேட்கவில்லை. செல்வம் மாதம் முடிவதற்குள் விலகி மாந்தலே போய்விட்டான். அந்த டிரெய்லருக்கு அப்புறம் எத்தனை பஞ்சர் விழுந்ததோ அத்தனையும் நான் எலுமிச்சம்பழத்தின் மேல் பின்னால் போனதன் பலன் என்றார்கள். டயர்ப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தனையும் ஆணி.

சயா பேசவில்லை. வாசோவிலிருந்து தடின்ஜுட் வரை, மழைக்காலத் தவம் முழுக்கப் பேசவில்லை. எதிரே வந்தால் தலையசைப்பார், அவ்வளவுதான்.

தடின்ஜுட் பண்டிகையில் பெரியவர்களுக்குக் கடோ செய்வது இங்கே வழக்கம். வேலையாட்கள் தலைவர் வீட்டுக்குப் போய், பழமும் துண்டும் வைத்து, மண்டியிட்டு, உடலாலும் சொல்லாலும் மனதாலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வார்கள். எல்லாரோடும் நானும் போனேன். என் முறை வந்தது. மண்டியிட்டுக் கைகூப்பிச் சொன்னேன்: "சயா, இந்த வருடம் நான் செய்த பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புதன்கிழமையைத் தவிர. அது பிழையில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை."

பின்னால் இருந்தவர்கள் மூச்சுவிட்டது கேட்டது. கடோ செய்யும்போது ஒன்றை மட்டும் கழித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டவனை அவர்கள் பார்த்ததில்லை. சயாவின் மனைவி தேநீர்க் கெண்டியோடு அப்படியே நின்றார்.

சயா ஆயில் டின்னை எடுத்து வெற்றிலையைத் துப்பினார். வாயைத் துடைத்தார்.

"கோ மின், அந்தச் சத்தம் சரியாகத்தானே இருந்தது?"

"சரியாகத்தான் இருந்தது சயா. ஒரு குறையும் இல்லை."

"அதுதான்" என்றார். "அதைத்தான் இந்த மழை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்." பிறகு வழக்கமான ஆசீர்வாதத்தைச் சொன்னார், எல்லாருக்கும் சொன்ன அதே நீளம்.

மறுநாள் நான் இணைப்பு வேலைக்குத் திரும்பினேன். முதல் லாரி பின்னால் வந்தபோது அவர் விரலைத் தூக்கினார், தாடை மூடியது, விரல் இறங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அட்டையை விரித்து மண்டியிட்டு டார்ச் அடித்து, "வெளிச்சம் இல்லை சயா" என்றேன். அதன் பிறகுதான் இறக்கினார். அவர் ஓய்வு பெறும்வரை இதுவே முறையாக இருந்தது. அந்தப் பழக்கம் யாரிடமிருந்து தொடங்கியது என்று கோ ஸோ தன் குழுவில் விசாரித்துப் பார்க்கலாம்.

சயா இரண்டு மழைக்கு முன் காலமானார். அவரை நான் தலைகுனிய வைத்தேன் என்று அவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் சார்பில் இப்போது வருத்தப்படுகிறவர்கள் தங்கள் கணக்கில் வருத்தப்படட்டும்.

அன்று அப்படியே போயிருந்தால் கேட் மேட்டில் பின் கழன்றிருக்குமா? எனக்குத் தெரியாது. ஒருவேளை பாலம்கூடத் தாண்டியிருக்கும். விழாத டிரெய்லரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 'ஒன்றும் ஆகியிருக்காது' என்று எழுதியவருக்கும் அது தெரியாது, ஆனால் அவர் தெரிந்ததுபோல் எழுதுகிறார். பச்சை விளக்கைப் பற்றியும் அதேதான். தாடை மூடியதும் அது எரிகிறது என்று கோ ஸோவே சொல்கிறார். எதைக் கவ்விக்கொண்டு மூடியது என்று அது சொல்லுமா என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தப் பட்டறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனால் கட்டையோடு போய் நிற்க இன்னும் முழங்கால் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மாந்தலே போய்வந்த பழைய டயர்காரர் ஒருவர் சொன்னது: செல்வம் இப்போது அங்கே பெரிய டிரெய்லர் ஓட்டுகிறானாம், ஒவ்வொரு தடவை இணைக்கும் முன்னும் பிளேட்டின் மேல் ஒரு துண்டு மல்லிகைச் சரம் வைக்கிறானாம், இணைத்த பிறகு இறங்கிக் குனிந்து பார்க்கிறானாம். கேட்டவர்களிடம் அது சாமிக்கு என்கிறானாம். சொன்னவர் என் மனம் குளிரப் பேசுகிற ஆள். செல்வத்தின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. ஆகவே இந்தச் செய்தியை உறுதிசெய்யப்படாதது என்றே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.